தாட்சாயணி டீச்சர் போன வழி

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, முதல் நாளே இயந்திரப் பெட்டிகளோடு எங்கள் நால்வரையும் அங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நால்வரில் மூவர் ஆசிரியைகள். இரவு ஒன்றாம் வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். விடியும் முன்பே எழுந்து, முகவர்கள் முன்னிலையில் 50 மாதிரி வாக்குகள் போட்டுக் காட்டி, எண்ணி, அழித்து, முத்திரை வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம்.

மை வைப்பது என் வேலை. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஒரு பாட்டி வந்தார். தோட்ட வேலையில் கறுத்துக் காய்ப்பேறிய விரல். நகக்கணுவில் மை பிடித்திருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “நீ எந்தச் சின்னம், கண்ணு?”

புடவை கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைத்தான் தேர்தலில் நிற்பவள் என்று அவர் நினைத்துவிட்டார். வாக்குச்சாவடிக்குள் சின்னத்தைப் பற்றிய பேச்சே வரக் கூடாது என்பதால் தலைமை அலுவலர் பதறி எழுந்துவிட்டார். நான் பதில் சொல்வதற்குள் பாட்டி மறைப்புக்குப் பின்னால் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் மேசையிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். இன்றும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் கேட்டதில் என்ன தவறு? தமிழ்நாட்டில் தேர்தலை நடத்திக் கொடுப்பவர்களில் பெரும் பகுதி ஆசிரியர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். ஊர் ஊராகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதிலும், மை வைப்பதிலும், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தை நிரப்பி முகவர்களிடம் கையெழுத்து வாங்குவதிலும் நாங்கள் இருப்போம். வேட்பாளர் பட்டியலில் மட்டும் எங்களைத் தேட வேண்டியிருக்கும்.

சேலத்தின் கணக்கைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. முதல் பொதுத்தேர்தல் தொடங்கி 2024 வரை நடந்த 18 மக்களவைத் தேர்தல்களிலும் சேலம் என்ற தொகுதி இருந்திருக்கிறது. எஸ்.வி. ராமசாமி, கே. ராஜாராம், ரங்கராஜன் குமாரமங்கலம், வாழப்பாடி ராமமூர்த்தி, செம்மலை, செல்வகணபதி என்று பெயர்கள் நீள்கின்றன. ஒரு பெண்கூட இல்லை. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கும் தொகுதி இது. நான் மை வைத்த ஏற்காடு, மக்களவைக் கணக்கில் சேலத்தோடு சேராது. 2008 மறுவரையறையில் கள்ளக்குறிச்சித் தொகுதிக்குள் போய்விட்டது. அங்கும் இதுவரை பெண் உறுப்பினர் வரவில்லை.

ஆனால் இதே மாவட்டத்தில் வேறு இரண்டு இடங்களில் கதவு திறந்திருக்கிறது. ஆத்தூரும் தலைவாசலும் அப்போது இராசிபுரம் மக்களவைத் தொகுதியில் இருந்தன. 1998இலும் 1999இலும் வி. சரோஜா, 2004இல் கே. ராணி என்று மூன்று முறை தொடர்ந்து அந்தத் தொகுதி பெண்களை அனுப்பியது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் 2013 இடைத்தேர்தலில் பி. சரோஜா என்ற வேறொருவர் வென்றார், 2016இலும் 2021இலும் சித்ரா. இராசிபுரம் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி, ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. பொதுத்தொகுதியில் பெண்ணை நிறுத்தத் தயங்கும் கட்சிகள் தனித்தொகுதியில் அவ்வளவு தயங்குவதில்லை. உள்ளூர்ப் பெரும்புள்ளிகள் போட்டிக்கு வர முடியாத இடம் என்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். சட்டம் ஒரு கூட்டத்தை விலக்கி நிறுத்திய இடத்தில் பெண்ணுக்கு நிற்க இடம் கிடைத்திருக்கிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் தாட்சாயணி வேலாயுதன். பள்ளி ஆசிரியையாக இருந்து நாடாளுமன்றம் போனவர். பிறந்தது கொச்சிக்கு அருகில் முளவுக்காடு தீவில், 1912 ஜூலை 4இல். ஆனால் அவரை டெல்லிக்கு அனுப்பியது சென்னை மாகாணம். 1946 ஜூலையில் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து அரசியல் நிர்ணய சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய சேலம் மாவட்டத்தின் உறுப்பினர்களும் அந்த வாக்காளர்களில் அடக்கம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜியும், குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனும் அதே சபையில் சென்னையின் உறுப்பினர்கள். அந்த வரிசையில் 34 வயதான ஒரு ஆசிரியையும் உட்கார்ந்திருந்தார். சபையில் இருந்த 15 பெண்களில் தலித் பெண் அவர் ஒருவர் மட்டுமே.

அவர் மலையாளி என்று எழுதினால் எங்கள் ஊரில் வேறு பொருள் வந்துவிடும். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு நாங்கள் சொல்லும் பெயர் மலையாளி. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் அவர்கள். அந்தப் பாட்டியும் மலையாளிதான். தாட்சாயணி மலையாள மொழி பேசும் புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். நிலத்தில் வேலை செய்யலாம், நிலத்தில் கூடிப் பேச முடியாது என்ற நிலையில் இருந்த சமூகம் அது. 1913இல் அந்த மக்கள் கூட்டம் போட நினைத்தபோது கரையில் இடம் கிடைக்காமல், காயலில் படகுகளை ஒன்றோடு ஒன்று கட்டி, தண்ணீரின் மேல் மாநாடு நடத்தினார்கள். அப்போது தாட்சாயணிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

அவருடைய பெயரே ஒரு துணிச்சல். அன்று அவருடைய சாதியில் பெண் குழந்தைகளுக்கு அப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அது மேல்சாதியார் வைத்துக்கொள்ளும் பெயர். முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டவள் என்ற முறையில் இதைச் சிறிய விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தன் பெயர் வகுப்பில் உரக்க ஒலிக்கும்போது ஒரு குழந்தையின் முதுகு நிமிர்வதையும் பார்த்திருக்கிறேன், குறுகுவதையும் பார்த்திருக்கிறேன்.

எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். சோதனை செய்துகாட்டிய ஆசிரியர் மேல்சாதிக்காரர், இவரை அருகில் விடவில்லை. மற்றவர்கள் கருவிகளைத் தொட்டுப் படித்தபோது இவர் தள்ளி நின்று பார்த்தே கற்றார். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான். அந்த ஆண்டில் சேலத்தில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. சாரதா கல்லூரி வந்தது 1961இல், அரசு மகளிர் கலைக்கல்லூரி 1979இல்.

பட்டத்துக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். 1935 முதல் 1945 வரை திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாண்டு ஆசிரியை வேலை. அந்தக் காலத்தைப் பற்றி அவருடைய குடும்பத்தார் வழியாகத் தெரிய வந்திருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. வயல் வரப்பில் நடந்து போகிறார். எதிரே மேல்சாதிப் பெண் ஒருத்தி வருகிறாள். வரப்பில் ஒருவர்தான் போக முடியும். வயலில் இறங்கி வழிவிடச் சொல்கிறாள் அந்தப் பெண். தாட்சாயணி இறங்கவில்லை, அப்படியே நின்றுவிட்டார். கடைசியில் சேற்றில் இறங்கிப் போனது எதிரே வந்தவள்தான். அதே ஊரில் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க இந்த டீச்சருக்கு உரிமை இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம், அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கிணற்றைத் தொட முடியாது.

1940இல் வார்தாவில் காந்தியும் கஸ்தூரிபாவும் பார்த்திருக்க, ஆர். வேலாயுதனை மணந்தார். திருமணத்தை நடத்திவைத்தவர் ஒரு தொழுநோயாளி. 1945இல் கொச்சி சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு டெல்லி.

சபையில் அவர் பேசியவற்றைப் படித்துப் பாருங்கள், பேச்சில் ஆசிரியை தெரிவார். 1946 டிசம்பர் 19 அன்று பேசும்போது, இந்தச் சபை சட்டப் புத்தகம் ஒன்றை எழுதித் தந்தால் போதாது, மக்களுக்குப் புதிய வாழ்க்கைமுறை ஒன்றையும் தர வேண்டும் என்றார். தம் மக்களைச் சிறுபான்மையினர் என்று தனியே ஒதுக்கிவைப்பதை அவர் ஏற்கவில்லை. சமூகத் தடைகளை உடனே நீக்குங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. அந்தச் சமூகத்தார் மட்டும் வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமா, எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி வேண்டுமா என்ற வாதம் 1947 ஆகஸ்டில் எழுந்தபோது, பொருளாதாரத்தில் அடிமைகளாக இருக்கும்வரை எந்தத் தொகுதி முறையைக் கேட்பதிலும் பொருளில்லை என்றார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. இராசிபுரத்தையும் ஏற்காட்டையும் பார்த்த பிறகு, ஒதுக்கீடு என்ற ஏற்பாடு எத்தனை பேருக்கு வாசல் திறந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூலிக்காரரின் வாக்கு எப்போதும் முதலாளியின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்று அவர் கண்டதை யாராலும் மறுக்க முடியாது.

1948 நவம்பர் 8இல் வரைவு அரசியல் சட்டத்தின் மீது பேசினார். அதிகாரம் மத்தியில் குவிவதைக் கண்டித்தார். இந்தச் சட்டம் பொதுத்தேர்தல் வழியாக மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் கேட்டார். நேரம் கடந்துவிட்டதாகச் சொன்ன அவைத் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி, பெண் என்பதால்தான் தொடர அனுமதிப்பதாகவும் சொன்னார். கூட்டாட்சியைப் பற்றி அன்று அவர் சொன்னவற்றை இன்றைக்கும் மாநிலங்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவருக்குக் கிடைத்ததோ சலுகை நேரம். படிக்கும்போது கோபம் வருகிறது.

அதே மாதம் 29ஆம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. வரைவில் 11ஆவது பிரிவு, இன்று 17ஆவது பிரிவு. வரப்பில் நின்றவர், கிணறு மறுக்கப்பட்டவர், சோதனைச் சாலையில் தள்ளி நிறுத்தப்பட்டவர் அந்தப் பிரிவுக்கு ஆதரவாக எழுந்து பேசினார். இந்தச் சட்டம் வேலை செய்வது அதை அமல்படுத்தும் விதத்தைவிட, மக்கள் இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது என்றார். அரசே இதை மக்களிடம் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும் என்றும் கேட்டார். வழக்கறிஞராக இருந்தால் தண்டனைப் பிரிவோடு நிறுத்தியிருப்பார். சொல்லிக் கொடுத்தால்தான் மாறும் என்பது பள்ளிக்கூடத்துப் புத்தி.

1950 ஜனவரி 26க்குப் பிறகு அந்தச் சபையே இடைக்கால நாடாளுமன்றமாகத் தொடர்ந்தது, 1952 வரை அவர் அதில் உறுப்பினர். கணவரும் அதே அவையில் இருந்தார். பிறகு எல்லாருக்கும் வாக்குரிமை தந்த முதல் தேர்தல் வந்தது. ஆர். வேலாயுதன் கொல்லம்–மாவேலிக்கரைத் தொகுதியில் வென்று மக்களவைக்குத் திரும்பினார். தாட்சாயணி அந்த அவையில் இல்லை. பின்னர் 1971இல் அடூரில் நின்று தோற்றார். கடைசிக் காலத்தில் டெல்லியில் துப்புரவுப் பெண்களோடு வேலை செய்தார். 1978இல் காலமானார்.

இந்த வாழ்க்கையில் நம் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு செய்தி இருக்கிறது. அவர் மேலே போன இரண்டு படிகளும், 1945இன் நியமனமும் 1946இன் மறைமுகத் தேர்தலும், நேரடித் தேர்தல் மேடைகள் அல்ல. பத்தாண்டு டீச்சராகச் சேர்த்த மதிப்பு அந்தச் சிறிய வட்டத்துக்குள் செல்லுபடியானது. பணமும் கட்சி மாவட்டச் செயலாளரும் நடுவே வந்ததும் அந்த வழி அடைபட்டது. சேலம் பக்கத்துப் பெண்களின் கதையும் இதேதான். சுப்பராயனின் மனைவி ராதாபாய் 1938இல் அன்றைய மத்திய மேலவைக்குத் தேர்வானார், அதன் முதல் பெண் உறுப்பினர். மகள் பார்வதி கிருஷ்ணன் 1954இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். மக்களவைக்குப் போனது கோவையிலிருந்து. குமாரமங்கலம் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் ஜமீன் வீட்டுப் பெண்ணுக்கும் சொந்த மாவட்டத்தில் தொகுதி அமையவில்லை.

ஆசிரியர்களுக்கென்று ஒரு வாசல் சட்டத்திலேயே இருந்தது. அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவின்படி சட்டமன்ற மேலவையின் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வாக்கு உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் மூன்றாண்டாவது கற்பித்தவர்களுக்கு மட்டும். அகர முதல் சொல்லிக் கொடுக்கும் தொடக்கப் பள்ளி டீச்சருக்கு இல்லை. பெண்கள் திரளாக இருந்த இடமோ தொடக்கப் பள்ளி. கடைசியில் 1986 நவம்பர் 1இல் தமிழ்நாட்டின் மேலவையே கலைக்கப்பட்டதோடு அதுவும் போயிற்று.

சென்னை இராணி மேரி கல்லூரியில் கற்பித்த லட்சுமி என். மேனன் 1952இல் மாநிலங்களவைக்குப் போய் வெளியுறவுத் துறையில் அமைச்சரானார். அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த தமிழச்சி தங்கபாண்டியன் 2019இலும் 2024இலும் தென்சென்னையில் வென்றார். இருவரும் கல்லூரி ஆசிரியைகள். பள்ளிக்கூடத்திலிருந்து போனவர் என்றால் மாயாவதியைச் சொல்ல வேண்டும். டெல்லியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், வேலையை விட்டுக் கட்சிக்குள் இறங்கி, மூன்று தேர்தல்களில் தோற்று, 1989இல் பிஜ்னோரில்தான் முதல் வெற்றி பெற்றார். அத்தனை ஆண்டுகள் மாதச் சம்பளம் இல்லாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்?

இங்கேதான் முடிச்சு இறுகுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியை பணியில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. ஒன்று, வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் வராது. அல்லது விருப்ப ஓய்வில் போக வேண்டும். அதற்கு 50 வயதோ 20 ஆண்டுப் பணியோ நிரம்பியிருக்க வேண்டும், மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். 2024 தேர்தலை ஆணையம் அறிவித்தது மார்ச் 16. தமிழ்நாட்டில் மனுத்தாக்கல் மார்ச் 20 முதல் 27 வரை. கட்சிகள் வேட்பாளர் பெயர்களை வெளியிட்டதும் அந்த நாட்களை ஒட்டித்தான். ஆக, நிற்க விரும்பும் ஆசிரியை டிசம்பரிலேயே வேலையை விட எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எந்தக் கட்சியும் பெயரைச் சொல்லாத நேரத்தில், சீட்டு கிடைக்குமா என்றே தெரியாமல்! கடை வைத்திருப்பவருக்கும் வழக்கறிஞருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. தோற்றால் மறுநாள் கடையைத் திறக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். ஆசிரியைக்குத் திரும்பிப் போக வகுப்பறை இருக்காது.

அரசு ஊழியர் கட்சி சார்பற்றவராக இருக்க வேண்டும் என்ற விதி தேவையானதுதான், அதை நான் எதிர்க்கவில்லை. வாக்குச்சாவடியில் என்னை அந்தப் பாட்டி நம்பியதற்கு அந்த விதியும் ஒரு காரணம். ஆனால் போட்டியிட மட்டும் சம்பளமில்லா விடுப்பு தந்து, தோற்றால் வேறு ஊரில் திரும்பச் சேர்த்துக்கொள்வது செய்யவே முடியாத காரியமா? வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலோ விசைத்தறியிலோ கணவர் வேலை செய்யும் வீடுகளை எனக்குத் தெரியும். மாதம் தவறாமல் வரும் ஒரே வருமானம் அந்த வீட்டு டீச்சரின் சம்பளம். அதை ஒரு தேர்தலுக்காகப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் மக்களவையில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. அதன்பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதித்தான் அதை நிறைவேற்றினார்கள். உள்ளாட்சியில் 50 சதவீதம் என்று 2016இல் சட்டம் வந்தது. அதனால்தான் சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளில் பாதியில் இன்று பெண்கள் நிற்க முடிகிறது. மக்களவைத் தொகுதியிலும் ஒரு நாள் அது நடக்கலாம். அப்போது ஓய்வூதியம் தொலையாமல் எந்தப் பெண்ணால் மனு போட முடியும் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்.

அன்று ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. இயந்திரத்தை மூடி, முத்திரையிட்டு, 17சி நகல்களை முகவர்களுக்குக் கொடுத்த பிறகும் மண்டல அலுவலரின் வண்டி வரவில்லை. மலையில் இருட்டும் குளிரும் சேர்ந்தே இறங்கின. முதல் மேசையில் பட்டியல் பார்த்த ஆசிரியைக்கு 38 வயது, 12 ஆண்டுப் பணி. காலையில் பாட்டி கேட்டதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார். நேரம் போக வேண்டுமே என்று தாட்சாயணியின் கதையைச் சொன்னேன். வரப்பு வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். விருப்ப ஓய்வு விதி எப்படி என்று கேட்டார், சொன்னேன். மிஞ்சிய வாக்காளர் சீட்டு ஒன்றைத் திருப்பி, பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். 20 ஆண்டு முடிவது 2032இல். அதற்குப் பிறகு வரும் மக்களவைத் தேர்தல் 2034இல். மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“அப்போ எனக்கு 48, அக்கா” என்றார்.

சீட்டின் அடியில் ‘2033 டிசம்பர்’ என்று எழுதி அடிக்கோடிட்டு, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வளைவில் வண்டியின் விளக்கு தெரிந்தது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.